உழைக்கும் டயர்



நீலகிரி மலைக்குச் சென்றவர்கள் அங்கே ஓடும் சிறிய பிக்கப் வண்டிகளைக் கண்டிருப்பார்கள். முன்னே இருவர் அமரும் அறை. பின்னே திறந்த பெட்டி. அவ்வளவுதான் வண்டி. ஆனால், அது ஒரு நாளில் செய்யும் வேலையைக் கணக்கிட்டால் வியப்பே உண்டாகும். காலையில் கல்லும் செம்மண்ணும் கலந்த செங்குத்தான தோட்டத் தடத்தில் இறங்கிப் பச்சைத் தேயிலைச் சாக்குகளை ஏற்றிக்கொள்கிறது. பறித்த கொழுந்து நெடுநேரம் சாக்கில் அடைந்து கிடந்தால் சூடேறிச் சிவந்து கெட்டுவிடும். ஆகவே, மழையானாலும் வெயிலானாலும் அன்றைய கொழுந்து அன்றே தொழிற்சாலை சேரவேண்டும். பிற்பகலில் அதே வண்டி கேத்திப் பள்ளத்தாக்கின் காரட் மூட்டைகளைச் சுமந்து, குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் சந்தைக்கு இறங்குகிறது. குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்திற்கும் இடையே 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சேற்றில் நடந்த அதே கால்களோடு நனைந்த தார்ச்சாலையிலும் அந்த வண்டி நடக்கவேண்டும்.

அந்தக் கால்களுக்கு எத்தகைய டயர் ஏற்றது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். ‘இது வண்டிக்காரர் கவலையல்லவா? மாணவர்க்கு இதனால் ஆவது என்ன?’ என்று நீங்கள் வினவலாம். அதற்கு விடையாக, நான் செய்த ஒரு பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் படித்த மாணவர் ஒருவர் என் வீட்டிற்கு வந்தார். கடன் வாங்கி ஒரு பிக்கப் வண்டி வாங்கி, அதைத் தாமே ஓட்டிப் பிழைப்பவர் அவர். “ஐயா, நான்கு டயரும் தேய்ந்துவிட்டன. கடையில் பெரிய பட்டன் டயர் ஒன்றைக் காட்டுகிறார்கள், விலையும் குறைவு. நன்றாக உழைக்குமாம். போடலாமா?” என்று கேட்டார். டயரின் மேற்பரப்பில் எழும்பி நிற்கும் ரப்பர்க் கட்டைகளை நம் ஓட்டுநர்கள் ‘பட்டன்’ என்பார்கள். அவை பெரியனவாகவும் அகன்ற இடைவெளியோடும் இருந்தால் சேற்றில் நன்கு பிடிக்கும். நான் சற்றே சிந்தித்தேன். உராய்வு விசை தொடும் பரப்பைப் பொறுத்ததன்று. அழுத்தும் எடையையும் பொருள்களின் தன்மையையுமே பொறுத்தது என்று முப்பது ஆண்டுகள் வகுப்பில் கற்பித்தவன் நான். அப்படியானால், பட்டன்களுக்கு இடையே வெற்றிடம் மிகுதியாக இருப்பதால் தார்ச்சாலையில் இழப்பு ஏதுமில்லை. சேற்றிலோ ஆதாயம் உண்டு. “போடு, தம்பி” என்றேன்.

ஐப்பசி மழை தொடங்கியது. ஒரு மாலை அவர் கோத்தகிரியிலிருந்து குன்னூருக்கு என்னை அழைத்து வந்தார். பின்பெட்டி வெறுமையாக இருந்தது. மெல்லிய தூறல், வேகமும் மிகையன்று. தார்ச்சாலையின் ஒரு வளைவில் வண்டியின் பின்புறம் திடீரென வெளியே வழுக்கியது. அவர் சுக்கானை எதிர்ப்புறம் திருப்பினார். வண்டி அரைவட்டம் சுழன்று, மலையோரத்து வடிகாலில் பின்சக்கரம் இறங்க நின்றுவிட்டது. சாலையின் மறுபுறம் பள்ளத்தாக்கு. வண்டி அப்பக்கம் வழுக்கியிருந்தால் இன்று உங்களோடு பேசிக்கொண்டிருக்க மாட்டேன். அவரோ என்னை ஒரு சொல்லும் கடிந்து கூறவில்லை. “உங்களுக்கு அடிபடவில்லையே, ஐயா?” என்றுதான் கேட்டார். அந்தக் கேள்வியே என்னை மீண்டும் மாணவனாக்கிற்று. டயரைப் பற்றி நான் பிறகு கற்றவற்றையே இனிக் கூறப்போகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. சுமையோடு சேர்த்து வண்டியின் எடை 2,800 கிலோ என்று கொள்வோம். டயர்களில் காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 3.5 கிலோ, அதாவது சதுர அங்குலத்திற்கு 50 பவுண்டு என்று கொள்வோம். எடையை அழுத்தத்தால் வகுத்தால் 800 சதுர சென்டிமீட்டர் வருகிறது. நான்கு டயர்களும் சேர்ந்து தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய இவ்வளவே. உங்கள் குறிப்பேட்டை விரித்து மேசைமீது வையுங்கள். அதைவிடச் சற்றே பெரிய இடம்! ஏற்றத்தில் இழுப்பதும், இறக்கத்தில் நிறுத்துவதும், வளைவில் திருப்புவதும் அந்தக் குறிப்பேட்டளவு இடத்தில்தான் நிகழ்கின்றன.

இதே மலையில் ஏறும் புகைவண்டியைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-ஆம் ஆண்டிலும், பின்னர் 1908-ஆம் ஆண்டில் உதகை வரையிலும் அந்தப் பாதை திறக்கப்பட்டது. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே பன்னிரண்டரை அடி சென்றால் ஓர் அடி உயரும் ஏற்றம் உண்டு. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் அத்தகைய ஏற்றத்தில் சுமையோடு ஏறப் போதிய பிடிப்பைப் பெறாது. எனவே, தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட சட்டங்களைப் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அவற்றைக் கவ்வி ஏறுமாறு அமைத்தார்கள். நம் பிக்கப் வண்டிக்குப் பற்சட்டம் இல்லை; ரப்பரே அதன் பல்.

ரப்பரை அவ்வாறு பயன்படுத்த மனிதன் கற்றது அண்மைக்காலத்தில்தான். வெயிலில் பிசுபிசுத்துக் குளிரில் உடையும் பச்சை ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் உறுதியடையும் என்பதை 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். 1888-இல் ஜான் பாய்டு டன்லப் பெல்பாஸ்ட் நகரில் தம் மகனின் மூன்று சக்கர மிதிவண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். நம் சென்னைத் திருவொற்றியூரில் 1946-இல் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எப். தொழில் நிறுவனம், 1952-இல் தேய்ந்த டயருக்கு மேற்பரப்பு ஒட்டும் ரப்பரைச் செய்யத் தலைப்பட்டு, பின்னர் டயர்த் தொழிலிலும் இறங்கிற்று.

இனி, என் பிழைக்கு வருவோம். உராய்வு பரப்பைப் பொறுத்ததன்று என்ற விதி மரக்கட்டைக்கும் இரும்புக்கும் பெரும்பாலும் பொருந்தும். ரப்பருக்கு அவ்வாறு பொருந்தாது. ஏன்? ரப்பர் மெத்தென்று இருப்பது. தார்ச்சாலையின் நுண்ணிய கற்களின் மேடுபள்ளங்களுக்குள் அது பிதுங்கி நுழைந்து பற்றிக்கொள்கிறது. எவ்வளவு மிகுதியான ரப்பர் சாலையைத் தொடுகிறதோ அவ்வளவு பற்றும் மிகும். அதே எடையைச் சில கட்டைகள் மட்டும் தாங்கினால், ஒவ்வொன்றின் மேலும் அழுத்தம் கூடும். ஆனால் அந்த அளவிற்குப் பற்று கூடுவதில்லை. மேலும், உயர்ந்த பட்டன்கள் வளைவில் ஒருபுறமாகச் சாய்ந்து நெளியும். விதி பொய்யன்று, அது எந்தப் பொருள்களை வைத்து வகுக்கப்பட்டது என்பதை நான் எண்ணிப் பாராததே பிழை.

அப்படியானால், பட்டனே இல்லாத மொட்டை டயர் நல்லது ஆகாதா? உலர்ந்த தார்ச்சாலையில் அது நன்றாகவே பற்றும். ஆனால், மழை பெய்தால் ரப்பருக்கும் சாலைக்கும் இடையே நீர்ப்படலம் புகுந்துவிடுகிறது. அந்த நீர் வெளியேற வாய்க்கால் வேண்டும். டயரின் பள்ளங்கள் அந்த வாய்க்கால்களே. கட்டைகளின்மேல் கத்தியால் கீறியவை போன்ற மெல்லிய வெட்டுகளையும் சில டயர்களில் காணலாம். அவற்றின் விளிம்புகள் எஞ்சிய ஈரத்தைத் துடைத்துச் சாலையைப் பற்ற உதவுகின்றன.

சேற்றின் நியாயம் வேறு. அங்கே பற்றிக்கொள்ள உறுதியான பரப்பு இல்லை. பட்டன்கள் மண்ணுக்குள் இறங்கி, உழவன் கால் வரப்பில் ஊன்றுவது போல் ஊன்றித் தள்ளவேண்டும். இடைவெளி குறுகியிருந்தால் சேறு அதில் அடைந்துகொள்ளும். சிறிது நேரத்தில் டயரே ஒரு மண்ணுருண்டையாகிவிடும். இடைவெளி அகலமாக இருந்தால், சுழலும்போது சேறு தானே தெறித்து விழும்.

ஆகவே, டயர்களை மூவகையாகப் பிரிக்கலாம். முதலாவது, நெடுஞ்சாலை டயர். நீளவாக்கில் பள்ளங்கள் ஓடும், ரப்பர் மிகுதி, தார்ச்சாலையில் சிறந்தது, சேற்றில் சுழன்று நிற்கும். இரண்டாவது, சேற்று டயர். என் மாணவர் வாங்கியது இது. மூன்றாவது, இரண்டிற்கும் இடைப்பட்டது. ‘ஆல் டெரெய்ன்’ என்று விற்கப்படுவது. எல்லா நிலத்திற்கும் ஏற்றது என்பது அப்பெயரின் பொருள். இதில் பட்டன்கள் நெருக்கமாகவும் மெல்லிய வெட்டுகளோடும் இருக்கும். ஓரங்களில் மட்டும் இடைவெளி சற்று அகன்றிருக்கும். பெயரைக் கண்டு மயங்கவேண்டாம். எல்லா நிலத்திலும் முதலிடம் பெறும் டயர் எங்கும் இல்லை. ஒவ்வொன்றிலும் ஓரளவு விட்டுக்கொடுத்து, எதிலும் கைவிடாமல் இருப்பதே இதன் இயல்பு.

எதைத் தேர்வது? வண்டி செல்லும் வழியைக் கணக்கெடுக்கவேண்டும். என் மாணவரை ஒரு வாரம் குறித்துவரச் சொன்னேன். பத்துக் கிலோமீட்டரில் எட்டு தார்ச்சாலை. இரண்டே தோட்டத் தடம். தோட்டத்தை விட்டு வெளியேறாத வண்டிக்குச் சேற்று டயர் பொருந்தும். அவர் வண்டிக்கு அது பொருந்தாது. அந்த இரண்டு கிலோமீட்டரில் சிக்கினால் நேரம் வீணாகும். மற்ற எட்டில் வழுக்கினால் உயிர் போகும். எனவே, நனைந்த தாரில் நிற்பதை முதலில் வைத்து, சேற்றில் ஏறுவதை அடுத்து வைத்துத் தேர்வதே முறை. இடைப்பட்ட டயர் அவருக்கு உரியது என்பது இவ்வாறு விளங்கிற்று.

“வெற்று வண்டி தோட்டத்து மேட்டில் ஏற மறுக்கிறது, சுமை ஏற்றியதும் ஏறிவிடுகிறதே, ஐயா?” என்று அவர் கேட்டார். இதுவும் கணக்குத்தான். ஆறடிக்கு ஓரடி உயரும் மேடு என்று கொள்வோம். பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும் வண்டி அது. வெறும் வண்டி 1,600 கிலோ. அதை மேலேற்ற அதில் ஆறில் ஒரு பங்கு, ஏறக்குறைய 267 கிலோ விசை வேண்டும். பின்சக்கரங்களின் மேல் உள்ள எடை பத்தில் நான்கு பங்கு, அதாவது 640 கிலோ. சேற்றில் பற்று எடையில் பத்தில் மூன்று பங்கு எனில், கிடைப்பது 192 கிலோ, போதாது. சுமை ஏற்றியபின் மொத்த எடை 2,800. வேண்டிய விசை 467. இப்போது பின்சக்கரங்களின் மேல் நூற்றுக்கு 65 பங்கு, 1,820 கிலோ. கிடைக்கும் பற்று 546, வண்டி ஏறுகிறது. ஆகவே, வெற்று வண்டி சேற்றில் சுழன்றால் டயரை மட்டும் குறை கூறலாகாது.

இக்கணக்கிலிருந்து இன்னொன்றும் அறிகிறோம். 1,820 கிலோவை இரண்டு பின்டயர்கள் தாங்குகின்றன. ஒன்றுக்கு 910 கிலோ. டயரின் பக்கச்சுவரில் ‘235/75 ஆர் 15’ என்பதைப் போன்ற எழுத்துகள் இருக்கும். 235 என்பது அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது. ஆர் என்றால் ரேடியல். 15 என்பது உள்ளே பொருந்தும் இரும்பு வளையத்தின் விட்டம், அங்குலத்தில். அடுத்து வரும் எண்ணைப் பலர் பார்ப்பதே இல்லை. அதுவே சுமைக் குறியெண். ஒரே அளவுள்ள டயர்களில் ஒன்றில் 105 என்றும், மற்றொன்றில் 109 என்றும் இருக்கலாம். 105 என்றால் அந்த டயர் தாங்கக்கூடியது 925 கிலோ. 109 என்றால் 1,030 கிலோ. நம் வண்டிக்கு முதலாவதில் 15 கிலோ மட்டுமே மிச்சம். நான்கு மூட்டை கூடினால் எல்லை கடந்துவிடும். இரண்டாவதில் 120 கிலோ மிச்சம். வண்டியைச் செய்தவர் குறித்த எண்ணுக்குக் குறைந்த டயரை எந்த விலைக்கும் வாங்கலாகாது.

‘ரேடியல்’ என்பதையும் விளக்கிவிடுகிறேன். டயரின் உள்ளே நூலிழைகள் உள்ளன. அவை ஒன்றையொன்று சாய்வாகக் குறுக்கிட்டுச் செல்லும் பழைய வகையை நம் ஓட்டுநர்கள் ‘நைலான் டயர்’ என்பார்கள். அதன் பக்கச்சுவர் தடித்துக் கல்லடியைத் தாங்கும். ஆனால் ஓட்டத்தில் மிகுதியாகச் சூடேறும். ரேடியலில் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்கு நேராகச் செல்கின்றன. மேற்பரப்பின்கீழ் எஃகுப் பட்டை சுற்றிவருகிறது. வளைவிலும் மேற்பரப்பு சாலையோடு படிந்திருக்கும், சூடு குறைவு, எரிபொருளும் மிச்சம். இரண்டு வகைகளையும் ஒரே அச்சில் கலந்து மாட்டுவது ஆபத்து.

பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்றும் உண்டு. 2321 என்று இருந்தால், 2021-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ரப்பர் கடையில் கிடந்தாலும் மூப்படையும், இறுகும், வெடிப்பு விடும். வடிகாலில் இறங்கிய டயரில் நாங்கள் அந்த எண்ணைத் தேடிப் பார்த்தோம். அது ஏழு ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்டது! விலை குறைந்ததன் காரணம் அப்போது விளங்கிற்று. பொருந்தாத பட்டனும் இறுகிய ரப்பரும் ஒன்றுசேர்ந்தே எங்களை வழுக்கிவிட்டன.

நல்ல டயரை வாங்கினால் மட்டும் போதுமா? காற்று குறைந்தால் எல்லாம் வீண். டயர் ஒரு கிலோமீட்டரில் ஏறக்குறைய 430 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் பக்கச்சுவர் ஒருமுறை மடங்கி நிமிர்கிறது. காற்று குறைந்தால் மடிப்பு மிகும். மடிப்பு மிகுந்தால் சூடு மிகும். சூடு மிகுந்தால் இழையும் ரப்பரும் பிரியும். டயர் வெடிப்பது பெரும்பாலும் இவ்வாறே. மலை இறக்கத்திலோ பிரேக்கின் சூடும் சக்கரத்தின் வழியே சேர்ந்துகொள்கிறது. ஆகவேதான், பிரேக்கையே நம்பாமல் இரண்டாம் கியரில் இறங்குக என்று அறிவுறுத்துகிறார்கள்.

இங்கே உங்களுக்கு ஒரு புதிர். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 330 மீட்டர். உதகை 2,240 மீட்டர். மேட்டுப்பாளையத்தில் 50 பவுண்டு காட்டிய டயர் உதகையில் எவ்வளவு காட்டும்? உயரம் கூடக்கூட வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. அதனால் அளவுமானி ஏறக்குறைய 3 பவுண்டு கூட்டிக் காட்டவேண்டும். ஆனால், கீழே 30 பாகையாக இருக்கும் வெப்பம் மேலே 16 பாகையானால், உள்ளே உள்ள காற்றுக் குளிர்ந்து சுருங்கி ஏறக்குறைய 3 பவுண்டைக் குறைத்துவிடும். கூட்டலும் கழித்தலும் சரியாகிவிடுகின்றன! எனினும், டயர் ஓடிச் சூடேறியபின் அளந்தால் கணக்குத் தவறும். புறப்படுமுன், காலையில், குளிர்ந்த டயரில் அளப்பதே முறை. ஸ்டெப்னியையும் மறக்கலாகாது.

இறுதியாக, டயரை எப்போது கழற்றுவது? பள்ளங்களின் அடியில் சிறு ரப்பர் மேடுகள் குறுக்கே இருக்கும். மேற்பரப்பு தேய்ந்து அவற்றோடு சமமானால், எஞ்சியிருக்கும் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர். நான்கு சக்கர வண்டிக்குச் சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லை அது. மலைவண்டிக்கு அவ்வெல்லை வரை காத்திருப்பது அறிவுடைமையாகாது. நீர் வெளியேறும் வாய்க்கால் அதற்கு முன்பே தூர்ந்துவிடுகிறது. கூடலூர்ப் பக்கம் ஓடும் வண்டிக்கு ஆனி, ஆடி மழைக்கு முன்பும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஓடும் வண்டிக்கு ஐப்பசி மழைக்கு முன்பும் பள்ளத்தின் ஆழத்தை அளந்து முடிவு செய்வது நலம். “இன்னும் இரண்டு மாதம் உழைக்கும்” என்ற சொல் எத்தனையோ குடும்பங்களைக் கலங்கச் செய்திருக்கிறது. நெடுநாள் தேயாதது மட்டும் உழைக்கும் டயர் அன்று. கழற்றப்படும் நாள் வரை, மழையில் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்துவதே உழைக்கும் டயர்.

என் மாணவர் அந்தப் பழைய டயர்களைக் கழித்துவிட்டார். சுமைக் குறியெண்ணும் தேதியும் பார்த்து, இடைப்பட்ட வகையில் நான்கு ரேடியல் டயர்களை வாங்கினார். விலை கூடுதல், கூடிய தொகையில் ஒரு பகுதியை நான் ஏற்றுக்கொண்டேன். தவறான அறிவுரைக்கு அது தண்டம் என்றேன். அவர் சிரித்து மறுத்தார், நான் விடவில்லை. அடுத்த ஐப்பசியில் அதே வளைவை அவரோடு கடந்தேன். அவர் வேகத்தைக் குறைத்தார். நானும் மேற்கொண்டு பேசாமல் இருந்தேன். டயர் நன்றாக இருந்தாலும் சாலைக்கு அஞ்சுவது நல்லது அல்லவா?

மாணவ நண்பர்களே, நாளை நீங்கள் பள்ளிக்கோ கல்லூரிக்கோ ஏறிச்செல்லும் வண்டி நின்றிருக்கும்போது, அதன் டயரைக் குனிந்து பாருங்கள். நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். பள்ளத்தின் அடியில் உள்ள சிறு மேட்டைத் தேடுங்கள். அது சமமாகிவிட்டதெனில், உங்கள் தந்தையிடமோ ஆசிரியரிடமோ தயங்காமல் சொல்லுங்கள்.